அரைக்கட்டை ஏறிய பாட்டு

என்னைக் கோபக்காரன் என்பார்கள். ஆமாம், கோபக்காரன்தான். இருபது வருஷமாக மலேசியாவில், கிள்ளான் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் டிஜேவாக இருக்கிறவனுக்குக் கோபம் வராமல் சிரிப்பா வரும்? ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு வந்தது கோபம் இல்லை. பயம்.

பாட வேண்டியவள் என் அக்கா அமுதவள்ளி. ஒன்பது மாதத்துக்கு முன்னால் அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன். முன்பெல்லாம் ஐந்து கட்டை சுருதியில் அலட்சியமாகப் பாடுவாள். இப்போது நாலு கட்டைதான். அதிலும் மேல் ஸ்தாயி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு இதுதான் முதல் மேடை. சுங்கை வேயிலிருந்து காரில் வரும்போதே சொல்லிவிட்டாள்.

"இன்னிக்கு அந்த மேல் வரி வரலைன்னா, இனிமே மைக்கைத் தொட மாட்டேன் சுகு. அப்புறம் வந்து கெஞ்சாத."

அவள் சொன்னால் சொன்னதுதான். பிடிவாதத்தில் என்னை முழுங்கி ஏப்பம் விடுவாள்.

எங்களை ஏற்பாடு செய்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் பக்கிரிசாமி. பன்னிரண்டு மணிக்கு என் மேசைக்கு வந்தார். "தம்பி, வாசல்லேர்ந்து மேடை வரைக்கும் பசங்க உறுமிக்கு ஆடிக்கிட்டே ஜோடியைக் கூட்டிட்டு வருவாங்க. அது முடிஞ்சதும் நேரா உங்க அக்கா பாட்டு. நடுவுல ஒரு செகண்ட் கேப் விடக் கூடாது லா."

"நான் பாத்துக்கிறேன் அங்கிள்."

பாத்துக்கிறேனாம், பெரிய இவன். அந்த வேலையைத்தான் நான் கெடுத்தேன்.

உறுமிப் பாட்டு நிமிடத்துக்கு 127 அடி. அக்கா பாடப் போகிற வாழ்த்துப் பாட்டுக்கு நாலு கட்டையில் பதிந்து வைத்திருந்த பின்னணி இசை 120. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும்போது ஆடுகிறவன் கால் தடுக்கக் கூடாதென்றால் இரண்டும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். அதனால் அக்கா பாட்டை ஆறு சதவீதம் வேகம் கூட்டினேன். சுருதியும் ஒட்ட வேண்டும். என் பழைய லேப்டாப் ஒவ்வொரு பாட்டின் சுருதிக்கும் கடிகார முள் மாதிரி ஓர் எண் காட்டும். ஒரே எண்ணோ பக்கத்து எண்ணோ இருந்தால் பாட்டுகள் சண்டை போடாது. இரண்டிலும் ஒரே எண். திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டேன்.

அந்த எண், பாட்டு இயல்பான வேகத்தில் ஓடும்போதுதான் சரி. வேகத்தைக் கூட்டினால் சுருதியும் கூடவே ஏறிவிடும். ஏறாமல் பிடித்து வைக்கத்தான் கீ லாக் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. மற்ற டிஜேக்கள் அதைப் போட்டே வைத்திருப்பார்கள். உறுமி போடுகிற நாங்கள் அணைத்துவிடுவோம், ஏனென்றால் அது இருந்தால் உறுமியின் அதிர்வு சப்பென்று போய்விடும். நான் பழக்கதோஷத்தில் இரண்டு பாட்டுக்கும் அணைத்திருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜோடி மேடை ஏறியது. உறுமி வெறும் தாளமாகத் தேய்ந்தது, அக்கா பாட்டு அதன்மேல் வழுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. நானூறு பேரின் கைதட்டல் அறாமல் தொடர்ந்தது. பக்கிரிசாமி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அக்கா முதல் வரியை எடுத்தாள். அவள் கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டாவது வரியில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ! பாட்டு நாலு கட்டையில் இல்லை, நாலரையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பொத்தானை இப்போதே தட்டினால் வரியின் நடுவில் சுருதி காலுக்கடியில் இடிந்து விழும், அக்கா தனியாக அந்தரத்தில் நிற்பாள். வேகத்தை மெல்லக் குறைத்தால் சுருதி வழுக்கும், எந்தச் சுரத்தைப் பிடிப்பாள் பாவம்? சரணத்தில் அந்த மேல் வரிக்கு இன்னும் ஒரு நிமிடம்கூட இல்லை. பல்லவி முடிந்து இடையிசை வரட்டும் என்று பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்தேன்.

இடையிசை வந்தது. ஆனால் அக்கா மைக்கைத் தாழ்த்திக்கொண்டு மேடையோரத்தில் இருந்த என் மேசைக்கே வந்துவிட்டாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"நிப்பாட்டுடா. தொண்டை இறுக்குது. நாலு கட்டைகூட எனக்கு இல்லடா, முடிஞ்சு போச்சு."

வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பேர் தப்பிக்கும். பாடகிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அடுத்த பாட்டைப் போட்டுவிடலாம். ஒரு மூச்சு விடுகிற நேரம் நான் அதையும் நினைத்தேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நினைத்தேன்.

பாட்டை நிறுத்தினேன். பக்கிரிசாமி பாய்ந்து வந்தார். "என்னா தம்பி இது! கேப் விடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

என் மைக்கை எடுத்தேன். "எல்லாரும் மன்னிக்கணும். பாட்டை அரைக்கட்டை ஏத்தி ஓட விட்டுட்டேன். தப்பு என்னோடது. பாடினவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அக்கா என்னையே பார்த்தாள். "என்னடா சொன்ன?"

"நாலரையில ஓடுச்சுக்கா. கீ லாக் போடல."

"நாலரையா? பல்லவி முழுக்க நான் நாலரையிலயா பாடினேன்?"

"ஆமா."

"சுருதி விலகுச்சா?"

"இல்லக்கா. ஒரு இடத்துலகூட விலகல."

நானூறு பேர் முன்னால் என் மண்டையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். "கழுத! பாவி! எனக்கு உயிரே போச்சுடா!" திட்டிக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். முன்வரிசையில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். பக்கிரிசாமி இடுப்பில் கைவைத்து நின்றார்.

கீ லாக்கைப் போட்டு, பாட்டை ஆரம்பத்திலிருந்து விட்டேன். மேல் வரி வந்தது. குரல் ஓரத்தில் லேசாகக் கீறியது. ஆனால் ஏறியது, ஏறி அங்கேயே நின்றது. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

கைதட்டலுக்கு நடுவில் என் மேசைக்கு வந்து மைக்கை வைத்தாள்.

"நாளைக்கு வீட்டுக்கு வா. நாலரையில பாடிப் பாக்கணும்."