ரேஸ் கார் மீட்டர்

சரவணம்பட்டியில் நூல் வியாபாரம் செய்யும் திருமூர்த்தியின் வீட்டுக்கு யார் வந்தாலும் சரி, அந்த மீட்டரைப் பார்க்காமல் காபி குடித்துவிட முடியாது. ஷோகேஸில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். கறுப்பு டயல், வெள்ளை எழுத்து, கண்ணாடியில் ஒரு கீறல். "லண்டன் ரேஸ் காரோடதுங்க. எம்பட மச்சான் ஓட்டுனது" என்பார். வருஷம் போகப்போக அந்தக் காரின் வேகமும் ஏறிக்கொண்டே போனது. போன தீபாவளிக்கு, பக்கத்து சீட்டில் அவரே உட்கார்ந்து போனதாகவும் ஆகிவிட்டது!

மகள் லோகப்பிரியாவுக்கு இந்தக் கூத்தெல்லாம் பழக்கம்தான். ஆனால் இன்றைக்கு வருவது கிருபாசங்கர். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று மாசக்கணக்கில் கெஞ்சி, "சரி, பையனை மட்டும் வரச்சொல்லு, பேசிப் பாக்கறேன்" என்கிற வரைக்கும் அப்பாவை இழுத்து வந்திருந்தாள். அவனோ பெரியநாயக்கன்பாளையத்தில் பழைய கார்களுக்கு மீட்டர் சரிசெய்யும் பட்டறை வைத்திருப்பவன். வேறு எதிலும் விட்டுக்கொடுப்பான், மீட்டரில் மட்டும் மாட்டான்.

"அப்பா என்ன சொன்னாலும் தலையாட்டு. வாயைத் திறந்துபோடாதே" என்று போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

வந்தான். வாசலை அடைத்துக்கொண்டு தண்ணி டேங்கர் டிராக்டர் தொட்டிக்குத் தண்ணி விட்டுக்கொண்டிருந்ததால், பைக்கைத் தெருமுனையில் விட்டுவிட்டு நடந்தே வந்தான். திருமூர்த்தி சிரிக்கச் சிரிக்கப் பேசினார். பிறகு, மீட்டரை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தார்.

"பாருங்க தம்பி. ரேஸ் காரோடது."

ஆட்டு, தலையை ஆட்டித் தொலை என்று சமையல்கட்டுக் கதவோரம் நின்று லோகப்பிரியா பல்லைக் கடித்தாள். அவன் ஆட்டவில்லை.

"தப்பா நினைக்காதீங்க மாமா. இது ரேஸ் காரோடது இல்லீங்க."

போச்சு!

"இதுல கடைசி நம்பரைப் பாருங்க. இஞ்சின் நிமிஷத்துக்கு ரெண்டாயிரத்து ஐநூறு சுத்து. அதுக்கு மேல டயல்ல இடமே இல்லீங்க. ரேஸ் காரு கிளம்பறப்பவே அதைத் தாண்டிப்போடும். கீழ ஓடற நம்பரும் கிலோமீட்டர் இல்லீங்க, இஞ்சின் ஓடுன மணிக்கணக்கு. இது பழைய டிராக்டரோடதுங்க."

திருமூர்த்தியின் முகம் சிவந்தது. "கட்டிட்டு வந்த வாரமே எம்பட சம்சாரம் சொன்னது. அவ பொய் சொல்றாளா?"

"ஐயோ, அப்படிச் சொல்லலீங்க மாமா. ஆனா மீட்டர் டிராக்டரோடதுங்க."

மடையன், இன்னும் அதையே சொல்கிறானே! லோகப்பிரியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"காபியக் குடிச்சுப்போட்டுக் கிளம்புங்க தம்பி" என்றார் அப்பா.

அவளை விலக்கிவிட்டு அம்மா ராசாத்தாள் கூடத்துக்குப் போனாள்.

"ஏனுங்க, அந்தத் தம்பி சொல்றதுதான் நெசமுங்க. ஆனைமலையில எங்கப்பன் வெச்சிருந்த டிராக்டரு. நாந்தான் ஓட்டுவேன். இந்தக் கீறலும் நான் வாய்க்கால்ல கவுத்தப்ப ஆனதுதான். கலியாணத்தப்ப வண்டிய வித்துப்போட்டாங்க. மனசு கேக்கல, இதை மட்டும் கழட்டிப் பொட்டியில போட்டுக் கொண்டாந்தேன். என்னன்னு கேட்டீங்க. புதுப்பொண்ணு டிராக்டர் ஓட்டுனேன்னு எப்படிங்க சொல்றது? லண்டன்ல இருந்த எங்கண்ணனோட ரேஸ் காருன்னு வாயில வந்ததைச் சொல்லிப்போட்டேன். விடிஞ்சதும் நீங்க ஊரெல்லாம் சொல்லிட்டீங்க."

திருமூர்த்தி மீட்டரைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார்.

"நீயா?"

"நானேதானுங்க."

"அட ராசாத்தா! இத்தனை வருஷம் அந்த மச்சானுக்கா பெருமை பேசிட்டுத் திரிஞ்சேன்?"

விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். "பாலகோபாலு, டேங்க் காலியாயிருச்சா? சாவியக் குடு!"

டிரைவர் பாலகோபால் விழிக்க விழிக்க, ராசாத்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டேங்கர் டிராக்டரில் ஏறினாள். கிளட்சை மிதித்தாள், கியரைப் போட்டாள், வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் நகர்ந்தது. திருமூர்த்தி ஓடிப்போய் ஒரு பக்கத்து மட்கார்டில் தொற்றிக்கொண்டார். தெருவே வேடிக்கை பார்த்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. லோகப்பிரியா அப்பாவை இப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

கிருபாசங்கர் கையில் மீட்டரோடு வாசலிலேயே நின்றான், போவதா இருப்பதா என்று தெரியாமல்.

டிராக்டர் மேலிருந்து திருமூர்த்தி திரும்பிக் கத்தினார்.

"அங்க நின்னு என்ன பாத்துட்டு இருக்கீங்க? அந்தப் பக்கம் ஏறுங்க, மாப்பிள்ளை!"