கடலிலிருந்து பார்த்த வீடு

ஞானசௌந்தரியின் பிள்ளைகளுக்குச் சத்தம் போட்டு விளையாடத் தெரியாது. நம்புகிறவர்கள் நம்பலாம், நம்பாதவர்கள் அந்த வளவில் குடியிருந்தவர்களைக் கேட்டுப் பார்க்கலாம். பெரியவன் மனுவேல் கண்ணாமூச்சி ஆடும்போது விரலை மடக்கி மடக்கி எண்ணுவானே தவிர வாயைத் திறக்க மாட்டான். அடுத்தவள் விக்டோரியா, ஒளிந்த ஆளைக் கண்டுபிடித்தால் கூவ மாட்டாள். காதுப் பக்கம் போய் ரகசியம் மாதிரிச் சொல்லுவாள். மூன்றாவது குட்டி அல்போன்சா கீழே விழுந்து முட்டி பெயர்ந்தால் அம்மாவின் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழும். கைக்குழந்தை கிளாட்வின் ஒருத்தன்தான் ஊரறிய அழுதான். அவனுக்கு இன்னும் விவரம் தெரியவில்லை, பாவம்.

தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகிற தெருவில், ஒரே முற்றத்தைச் சுற்றி ஒட்டி ஒட்டிக் கட்டிய வளவு அது. குடும்பத்துக்கு ஒற்றை அறை. பக்கத்து அறைக்கும் இவர்கள் அறைக்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் இருந்தவர் கிருபாநிதி. மில்லில் ராத்திரி வேலை, பகலெல்லாம் தூக்கம். தங்கமான மனுஷர். ஒரு நாளும் ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. வினையே அதுதான்! பிள்ளைகள் சத்தம் போட்டால் சிவந்த கண்ணோடு எழுந்து வந்து வாசலில் நிற்பார். ஒன்றும் சொல்லாமல் பார்ப்பார். திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்வார். திட்டினாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை திட்டலாம். இப்படி நிற்கிற மனுஷரை என்ன செய்வது? ஞானசௌந்தரி காலையில் கண் விழித்ததிலிருந்து 'உஷ், உஷ்' என்று பிள்ளைகளை அடக்கியே நாளைக் கழித்தாள்.

மாதா திருவிழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோதுதான் அவளுக்கு உறைத்தது. தெரு நிறைய ஊதலும் கூச்சலும். இவள் பிள்ளைகள் மட்டும் ஒரு ஓரமாக நின்று ஒருவர் காதில் ஒருவர் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். வளையல் விற்கிறவள் இரக்கப்பட்டு, "ஏளா, உம் பிள்ளையளுக்குப் பேச்சு வராதோ?" என்று கேட்டுவிட்டாள். ஞானசௌந்தரி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு புறப்பட்டாள். வீட்டுக்கு வந்து, கிருபாநிதி எழுந்துவிடக் கூடாதே என்று சத்தமில்லாமல் அழுதாள். அந்த அழுகையும் அவளுக்கு ஆத்திரத்தைத்தான் கிளப்பியது.

அவள் புருஷன் சிலுவை கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்த்தான். கடலில் பாதி நாள், கரையில் பாதி நாள். அவன் வந்து குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்ததும் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"இஞ்சேருங்க, நீங்க அடுத்த நடை போறதுக்குள்ள நாம வேற எடம் போயாகணும். பிள்ளைய எல்லாம் ஓடணும், கத்தணும். இங்கன இருந்தா நாலும் ஊமையாப் போயிரும்."

சிலுவைக்கும் அது தெரியாததில்லை. ஆனால் உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் அது. பர்மாவிலிருந்து தப்பி வந்தவர்களே ஊரை நிறைத்திருந்தார்கள். டவுனில் வீடு குதிரைக்கொம்பு.

"மணப்பாட்டுல அக்கா வீடு இருக்கு. எட்டு அறை," என்றான்.

"எட்டு அறை இருக்கு. எட்டுலயும் மதினி இருப்பாவ."

சிலுவை சிரித்துவிட்டான். அக்காவைப் பற்றி அதற்கு மேல் யாரும் சொல்லிவிட முடியாது. "அப்ப உடன்குடி? கருப்பட்டி யாவாரி ஒருத்தரு பனந்தோப்பு விளைக்குள்ள வீடு தாரேங்காரு. நல்ல செம்மண்ணு, பனை நெழலு. ஆனா கடல் சத்தம் கேக்காதே ஏளா!"

"கடல் சத்தத்தை அடுப்புல போட்டு வேகவைக்கவா போறேன்?"

இப்படியே பேச்சு வளர்ந்து, பலகைக்கு அந்தப் பக்கம் கிருபாநிதியின் பெருமூச்சு கேட்டதும் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். அப்போதுதான் சிலுவைக்கு அந்த யோசனை வந்தது. கண்ணெல்லாம் வெளிச்சமாக, அவள் காதுக்குள் சொன்னான்.

"காயல்பட்டணத்துக்கு வடக்க, கடற்கரையில ஒரு வெள்ளை வீடு. பத்து வருசமா தோணியில இருந்து பாக்கேன். கோயில் கணக்கா உசரம். சுத்தி கூப்பிடு தூரத்துக்கு ஒரு வீடு கெடையாது. வெறும் மணல். ஒரு ஈ காக்கா கண்டதில்ல!"

அந்த இடம் காயல்பட்டணத்து மக்தூம் மரைக்காயருடையது. அவர் யாவாரத்துக்குத் துறைமுகம் வந்திருந்தபோது சிலுவை மடக்கிப் பிடித்தான். "மொதலாளி, அந்த வெள்ளைச் சுவரு எடம் சும்மாதான கெடக்கு? பிள்ளைகுட்டியோட அங்கன இருந்துக்கிடட்டா?" மரைக்காயர் கொஞ்சம் ஆச்சரியப்பட்டார். பிறகு, "தாராளமா இரு, தம்பி. வாடகையும் வேண்டாம். கடல் பக்கத்துச் சுவருக்கு மட்டும் வருஷா வருஷம் வெள்ளையடிச்சிரு," என்றார். வாடகை இல்லாத வீடு! சிலுவை தரையில் கால் பாவாமல் வந்து சேர்ந்தான்.

"குசினி எந்தப் பக்கம்? அடுப்பு எங்கன போடணும்?" என்றாள் ஞானசௌந்தரி.

"பின்பக்கமாத்தான் இருக்கும்."

'இருக்கும்' என்கிறானே, உள்ளே போய்ப் பார்த்தானா என்று கேட்டிருக்கலாம். சந்தோஷத்தில் மிதக்கிறவளுக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்? விடியுமுன் மாட்டுவண்டியில் சட்டி பானை, பாய், டிரங்குப் பெட்டி, மாதா படம், பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் ஏற்றினாள். காலி செய்த அறைக்கு அன்றைக்கே வேறு குடும்பம் வந்து இறங்கிவிட்டது. கிருபாநிதி வேலை முடிந்து வந்தவர், வண்டிக்குப் பக்கத்தில் நின்று முதல் தடவையாக வாய் திறந்தார். "என்னால பிள்ளையளுக்கு ரொம்பக் கஷ்டம், தாயி." ஞானசௌந்தரிக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆறு தாண்டி, பனங்காடு தாண்டி, வண்டி மணலுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கூத்தைக் கேளுங்கள்: வெள்ளை வீட்டைக் காணோம்! சிலுவை வண்டியிலிருந்து குதித்து அந்தப் பக்கம் ஓடினான், இந்தப் பக்கம் ஓடினான். கரையில் நின்று கரையைப் பார்த்தால் அவனுக்கு ஒன்றுமே அடையாளம் தெரியவில்லை. கடைசியில் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கினான். இடுப்பளவு தண்ணீரில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"இந்தா இருக்கு! வண்டிக்கு நேர் எதுத்தாப்புல!" என்று அங்கிருந்தே கை நீட்டினான்.

வண்டிக்கு எதிரே இருந்தது சுண்ணாம்பு காணாத ஒரு பெரிய செங்கல் சுவர். அதன் நிழலில் நாலைந்து ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஞானசௌந்தரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரைச் சுற்றி நடந்தாள். மறுபக்கம் வெள்ளைவெளேரென்று சுண்ணாம்பு. அதற்கு முன்னால் கடல். இடம் சுற்றி வந்தாள், வலம் சுற்றி வந்தாள். அந்த ஒரு சுவரைத் தவிர அங்கே வேறெதுவும் கிடையாது. கூரை இல்லை, அறை இல்லை, குசினி இல்லை.

"யேசு மரியே!" என்றாள். "பத்து வருசமா பாத்தேன் பாத்தேன்னு சொன்னியளே, ஒரு நா எறங்கிப் பாத்தியளா?"

சிலுவை நனைந்த வேட்டியோடு நின்றான். அவமானத்தில் முகம் கறுத்துப்போயிற்று. "அங்கன தண்ணிக்கு அடியில பாறை, பார் கெடக்கு, ஏளா. தோணியை அண்டவிட மாட்டோம். நாங்க கரையை வழிக்காகத்தான பாப்போம்? வெள்ளை தெரிஞ்சா வடக்க திருப்பணும், அம்புட்டுத்தான். பின்னால என்ன இருக்குன்னு எவன் பாத்தான்?"

வண்டி வந்த செய்தி கேட்டு மரைக்காயரே குடையோடு வந்துவிட்டார். சட்டி பானையையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ குடிசை கட்டிக்கிடுவன்னுல்ல நெனச்சேன்! பாட்டனாரு பண்டகசாலை இது. புயல்ல விழுந்துட்டு. இந்தச் சுவரை மட்டும் எடுத்துராதிய, எங்களுக்கு அடையாளம் போயிரும்னு தோணிக்காரங்க கெஞ்சினாங்க, விட்டு வெச்சோம். சுவத்தையா வீடுன்னு நெனச்ச?" சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு பீறிட்டது. சிலுவையின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். தன் தோட்டத்தில் ரெண்டு நாள் தங்கிக்கொள்ளுங்கள் என்றார். வண்டிக்காரரோ, மணப்பாடுதான் என்றால் இப்பவே சொல்லுங்கள், மாட்டை அவிழ்க்கவில்லை என்றார்.

எல்லாரும் ஞானசௌந்தரியைப் பார்த்தார்கள். அவளுக்கு முன்னால் மணப்பாடும் மதினியும் எட்டு அறைகளும் வந்து நின்றன. அங்கே போனால் கூரை உண்டு, கதகதப்பு உண்டு, 'உஷ்' என்று சொல்ல மதினியும் உண்டு. இங்கே ஆகாசம்தான் உண்டு. இந்த மனுஷனை என்ன செய்தால் தகும் என்று பல்லைக் கடித்தாள்.

மனுவேல் மெல்ல வந்து அவள் சேலையை இழுத்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அடித்தொண்டையில் கேட்டான்.

"அம்மா, இங்கன யாரு தூங்குதா?"

ஞானசௌந்தரி அவன் உயரத்துக்குக் குனிந்தாள். "யாரும் தூங்கல, ராசா."

"அப்ப சத்தம் போடலாமா?"

"போடு."

மனுவேல் வாயைத் திறந்தான். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. அடுத்து கோழிக்குஞ்சு மாதிரி ஒரு கீச்சுக் குரல். அவனே திடுக்கிட்டு ஆடுகளைப் பார்த்தான்; அவை சட்டை பண்ணவில்லை. மூன்றாவது தடவை போட்டான் பாருங்கள் ஒரு சத்தம், வண்டி மாடு காதை விடைத்துக்கொண்டது! விக்டோரியா கூவினாள். அல்போன்சா என்ன ஏது என்று தெரியாமலே வீறிட்டுக்கொண்டு மணலில் உருண்டாள். மூன்றும் கத்திக்கொண்டே ஓடின, திரும்பி வந்தன, மறுபடியும் ஓடின. ஞானசௌந்தரிக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

"அண்ணாச்சி, மாட்டை அவுத்து விடுங்க," என்றாள் வண்டிக்காரரிடம். சிலுவை பக்கம் திரும்பி, "ரொம்பச் சந்தோசப்படாதிய. நீங்க கொழும்பு போயி வாரது வரைக்குந்தான் பொறுப்பேன். சரிப்படலன்னா மதினி கால்ல விழுந்தாவது மணப்பாட்டுல போயி இருந்துக்கிடுவேன்," என்றாள்.

இந்த மட்டும் தப்பித்தோம் என்று சிலுவை வேலையில் இறங்கினான். சும்மா சொல்லக் கூடாது, கயிறும் பாயும் கையில் கிடைத்தால் அவன் கெட்டிக்காரன்தான். தோணியில் கழித்துப்போட்ட பழைய பாயைக் கொண்டு வந்தான். சுவரின் கரைப்பக்கம் முளை அடித்து, சவுக்குக் கம்பு நட்டு, பாயை இழுத்துக் கட்டி, மேலே ஓலை வேய்ந்தான். மரைக்காயரின் ஆட்களும் கை கொடுத்தார்கள். கூடாரம் ஒன்று எழும்பியது. அடுத்த நாளே தோணி புறப்படுகிறதென்று ஆள் வர, போய்விட்டான்.

இருந்து பார்த்தால்தானே தெரியும்! சோற்றில் மணல், பாயில் மணல், குழந்தையின் காதுக்குள் மணல். குடிதண்ணீருக்குத் தோட்டத்துக் கிணறு வரை நடக்க வேண்டும். ஆடுகள் தங்கள் நிழலை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று தினமும் உள்ளே வந்து படுத்தன. ஒரு நாள் மத்தியானம் சோழகக் காற்று ஓலையைப் பிய்த்து எறிந்து, கொதிக்கிற கஞ்சியைக் கவிழ்த்துவிட்டது. போதும் சாமி, மணப்பாடே மேல் என்று ஞானசௌந்தரி தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். மரைக்காயரின் மனைவி நஃபீசா விஷயம் கேள்விப்பட்டு ஒரு பானை சோறும், மீன் ஆணம் என்கிற குழம்பும் கொடுத்தனுப்பினாள். கூடவே தன் பிள்ளைகளையும் அனுப்பினாள். சாப்பிட்ட கையோடு அத்தனை பிள்ளைகளும் ஓலை பொறுக்க ஓடினார்கள். ஓலையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, காற்றோடு இழுபறி போட்டுக்கொண்டு, தொண்டை கிழியக் கூச்சலிட்டு வந்தார்கள். எது தன் பிள்ளையின் குரல், எது ஊரார் பிள்ளையின் குரல் என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு மணப்பாட்டை அவள் மறந்தேபோனாள்.

ஒரு நாள் காலையில் விக்டோரியா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அலறினாள். "அம்மோவ்! அப்பா தோணி!"

தெற்கிலிருந்து பாய் புடைத்து வந்துகொண்டிருந்தது தோணி. பாருக்கு வெளியே, வெகு தூரத்தில். இங்கே நிற்காது, நேரே தூத்துக்குடிக்குப் போய்ச் சரக்கை இறக்கின பிறகுதான் சிலுவை வண்டி பிடித்து வர முடியும். ஞானசௌந்தரி கிளாட்வினை இடுப்பில் தூக்கிக்கொண்டு தண்ணீர் ஓரம் வரை ஓடினாள். தோணியில் ஆட்கள் எறும்பு மாதிரித் தெரிந்தார்கள். அதில் ஒருத்தன் அசையாமல் இந்தப் பக்கமே பார்த்து நின்றான். என்ன முடிவு சொல்லப் போகிறாளோ என்று பயந்துகொண்டு நிற்கிறான், வேறு யாராக இருக்கும்?

"அப்போவ்! அப்போவ்!" என்று பிள்ளைகள் குதித்தார்கள்.

"கேக்கலம்மா," என்றான் மனுவேல் தொண்டை கட்டி.

"இன்னும் சத்தமா கூப்புடுலே! வயித்துல இருந்து வரணும் சத்தம்!" என்றாள் ஞானசௌந்தரி. பிறகு பொறுக்க முடியாமல் தானே ஒரு கையை வாயில் குவித்துக்கொண்டு, அத்தனை வருஷமும் அடக்கி வைத்திருந்த குரலையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"இஞ்சேருங்க! வரும்போது ஒரு கதவு வாங்கிட்டு வாங்க!"

தோணியில் நின்றவன் தலைத்துண்டை அவிழ்த்துச் சுழற்றினான். கேட்டுத்தான் சுழற்றினானோ, கேளாமலே சுழற்றினானோ! தோணி வடக்கே நகர நகர, பிள்ளைகளும் அதற்கு நேராகக் கரையிலேயே ஓடினார்கள். "கதவு! கதவு! கதவு!"