கொண்டைக்குருவிக் கூடும் செவலைப் பூனையும்

பாண்டியராஜனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கொல்லைப்புறம்தான். போடியில் ஏலக்காய்க் கடையில் வேலை. வாரமெல்லாம் காய் தரம் பார்த்துச் சலித்த கண்ணுக்கு, வீட்டுக்குப் பின்னால் வந்து இறங்கும் தேன்சிட்டும் மைனாவும்தான் ஆறுதல். கேமராவோடு முருங்கை நிழலில் உட்கார்ந்துவிட்டால் சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாது.

அந்தச் சமயம் எலுமிச்சைச் செடிக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது. தாய் இரையோடு உள்ளே போவது தெரிந்தது, குஞ்சுகள் தெரியவில்லை. இலை மறைத்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவன், ஒருநாள் கத்தரியை எடுத்துவந்து கூட்டுக்கு முன்னாலிருந்த கிளைகளை நறுக்கிவிட்டான்.

படம் பிரமாதமாக வந்தது. குஞ்சுகளின் சிவந்த வாய்கள் பிளந்திருக்க, தாயின் அலகில் பச்சைப் புழு. பறவைப் படம் எடுப்பவர்களின் வாட்ஸப் குழுவில் போட்டதும் பாராட்டு குவிந்தது.

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே கொல்லைக்கு வந்தான். அவன் வெட்டிவிட்ட சந்து வழியாகச் செம்போத்துப் பறவை ஒன்று கூட்டுக்குள் தலையை விட்டிருந்தது. பதறி ஓடினான். கடைசிக் குஞ்சையும் கவ்விக்கொண்டு அது வேலி தாண்டிவிட்டது. தாய்க்குருவி கிளைக்குக் கிளை தாவிக் கத்தியது.

சத்தம் கேட்டு வந்த மனைவி தமிழினி, காலிக் கூட்டைப் பார்த்தாள்.

"மொக்கம்மாக்கா பூனை சோலிதான் இது. நேத்தே இங்கனதான் சுத்திக்கிட்டு இருந்துச்சு. அதானே?"

வாயில் நுரையோடு நின்றவன், ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

தமிழினி வேலியோரம் போய் ஏசித் தீர்த்துவிட்டாள். பக்கத்து வீட்டு மொக்கம்மாளுக்கு அந்தச் செவலைப் பூனையை விட்டால் வீட்டில் வேறு துணை இல்லை. பூனையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுத்த நாள் விடிந்ததும், ஏலக்காய் பறிக்க ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில் பூனையைச் சாக்கில் கட்டி மலைக்கு அனுப்பிவிட்டார்.

"எஸ்டேட்டுல எலி பிடிச்சுப் பொழச்சுக்கிரும். நமக்குள்ள எதுக்கு ஆத்தா வம்பு?" என்று தமிழினியிடம் வந்து சொல்லிவிட்டும் போனார்.

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த பாண்டியராஜன் அதைக் கேட்டான். தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனான்.

"அக்கா, உங்க பூனை இல்லக்கா. செம்போத்து. என் கண்ணால பாத்தேன். படத்துக்காக எலையை வெட்டி வழி விட்டதே நாந்தான்."

மொக்கம்மாள் அவனையே பார்த்தார். "அவ ஏசும்போது நீயும் அங்கனதானப்பா நின்ன?"



அந்த ஜீப்பை ஓட்டும் ராமருக்கு உடனே போன் போட்டான். "முந்தல் செக்போஸ்டுல வண்டி நின்னப்ப சாக்கைப் பிச்சுக்கிட்டு ஓடிருச்சுண்ணே" என்றார் ராமர்.

தமிழினியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஏசவில்லை, முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மொக்கம்மாளோடு அடுத்த பஸ்சில் மலையடிவாரத்து முந்தலுக்குப் போனான். டீக்கடைகளில் விசாரித்தார்கள். புதர் புதராகத் தேடினார்கள். பூனையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வெயில் ஏறியதும் மொக்கம்மாளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

"நீ போப்பா, கடைக்கு நேரமாச்சு."

அவன் போகவில்லை. அதுவரை அந்தப் பூனையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மலைப்பாதையோரம் நின்று, "செவலே... செவலே..." என்று கூப்பிடத் தொடங்கினான். லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

பொழுது சாயும்வரை பூனை வரவில்லை. பஸ்சில் திரும்பும்போது, "நாளைக்கும் வருவோம்க்கா" என்றான். மொக்கம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.