பாவசங்கீர்த்தன வரிசையில் த்ரூபுட்

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு சொல்: த்ரூபுட். ஓசூர்த் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவர் டீக்கடையில் எனக்கு விளக்கினார். எவ்வளவு உள்ளே போகிறது என்பது பேச்சில்லை, மெஷின் எவ்வளவு சத்தம் போடுகிறது என்பதும் பேச்சில்லை. ஒரு ஷிப்டில் எவ்வளவு முடிந்து வெளியே வருகிறது, அதுதான் த்ரூபுட். கதை எழுதும் என்னுடையது மிகக் குறைவு என்று அங்கேயே தெரிந்துபோனது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: கடத்தூருக்கு மேற்கே மாலைச் சூரியன் மெல்ல மெல்ல...

(அது மெல்லவே போகட்டும். நமக்கு ஆள் வேண்டும்.)

2

ஆள் சவுரியப்பன். 1986இல் ஓசூரில் சூப்பர்வைசர். கடத்தூர்ப் பக்கத்துச் சொந்த ஊருக்கு மாதா திருவிழாவுக்கு வந்திருக்கிறான். அவன் அம்மா ராயம்மாள் நன்மை வாங்கிப் பல வருடம் ஆகிறது. ஒவ்வொரு திருவிழாவிலும் பாவசங்கீர்த்தன வரிசையில்* நிற்பாள். முறை வருவதற்குள் பூசை மணி அடித்துவிடும்.

[*சாமியிடம், அதாவது பாதிரியாரிடம், பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் வரிசை. வாங்காதவர்கள் பூசையில் நன்மை எனும் அப்பத்தை வாங்க மாட்டார்கள்.]

இந்த வருடம் அம்மா வாங்கியே ஆகவேண்டும் என்று சவுரியப்பன் வரிசையை நோட்டம் விட்டான். ஒவ்வொருவரும் சாமி உட்கார்ந்திருக்கும் மரக்கூண்டில் முட்டி போட்ட பிறகுதான் பாவத்தையே யோசிக்கிறார்கள். யோசித்ததும் ஊர்க்கதை முழுவதையும் சொல்கிறார்கள். த்ரூபுட் அடிபடுவது அங்கேதான்.

"வெவரம் வேணாங்க. பாவத்த மட்டும் சொல்லிட்டு வாங்க" என்று வரிசை நெடுகச் சொல்லிக்கொண்டே போனான்.

வரிசையில் நின்ற பெரியம்மாளுக்குக் கோபம் வந்தது. "எம் மாமியா பண்றதச் சொல்லாம எம் பாவத்த எப்பிடிப்பா சொல்றது?"

"மாமியா பாவத்த மாமியா சொல்லிக்குவாங்க. நீங்க நவுருங்க."

வரிசை பிய்த்துக்கொண்டு ஓடியது. அன்று சாமியே அசந்திருப்பார்.

(முதல் பிரதியில் சவுரியப்பனை முட்டாளாக எழுதினேன். அடித்துவிட்டேன். அம்மாமேல் அவனுக்கு உயிர். செய்த முட்டாள்தனமும் அதனால்தான்.)

3

ராயம்மாள் முறை வந்தது. போன வேகத்தில் வெளியே வந்தாள்.

"முடிஞ்சுதாம்மா? வா, முன்னால போயி நில்லு."

"நான் நன்மை வாங்கலடா."

"ஏம்மா? மன்னிப்புக் குடுத்துட்டாருல்ல?"

"தங்கச்சியோட சண்டன்னு சொன்னேன். எல்லா வூட்டுலயும் இருக்கிறதுதான்னு மன்னிச்சுட்டாரு. சீக்கா கெடந்த தங்கச்சி மதலேனா, சாவுறதுக்கு முன்னால என்னப் பாக்கணும்னு வந்து கதவத் தட்டுனா. நான் உள்ளயே இருந்துக்கிட்டுத் தொறக்கல. அத எங்கடா சொன்னேன்? நீதான் வெவரம் வேணான்னுட்ட."

 

4

முடிவு ஒன்று: சவுரியப்பன் பூசையை நிறுத்துகிறான். (பூசை முடிந்ததும் சாப்பிடப் பந்திக்கு இலை போட்ட ஊர் அவனைச் சும்மா விடுமா?)

முடிவு இரண்டு: அம்மா எல்லாவற்றையும் மகனிடமே சொல்லி, அழுது, ஆறிப்போகிறாள். (மகன் மன்னித்து என்ன ஆகப்போகிறது? கதவைத் தட்டியவன் அவனா?)

எனக்கு மேலே ஓடவில்லை. மணி அடித்துவிட்டது. சாமி கூண்டை விட்டு எழுந்து அங்கியை உதறுகிறார். ராயம்மாள் திரும்பிப் போய், யாருமில்லாத அந்த இடத்தில் வரிசையில் நிற்பது போலவே நிற்கிறாள். 

நீங்களாவது சாமியிடம் சொல்லுங்கள், இன்னும் ஒரு ஆள் பாக்கி என்று.