ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை

ஹூஸ்டனுக்குத் தெற்கே, ஏரியைப் பார்த்த வீடு வாங்கியதிலிருந்து தாமரைச்செல்விக்கு இரண்டு பெருமைகள். ஒன்று கொல்லைப்புறத்துக் கறிவேப்பிலைச் செடி. டெக்சாஸ் குளிரில் ஊரார் வீட்டுச் செடிகள் எல்லாம் குச்சியாக நிற்க, அவளுடையது மட்டும் தளதளவென்று ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. இன்னொன்று, ஏரியில் இருந்த முதலை.

முதலைக்கு முதலில் பயந்தாள்தான். ஏரி என்றால் முதலை இருக்கும், தள்ளி நின்றால் அதுபாட்டுக்கு அது என்று பக்கத்து வீட்டு டெபி சொன்ன பிறகு பயம் தெளிந்தது. அப்புறம் அது ஞாயிற்றுக்கிழமைதோறும், மீன் குழம்பு கொதிக்கும் நேரம் பார்த்து, அவள் வீட்டு வேலிக்குக் கீழே வந்து மிதக்க ஆரம்பித்ததும் பாசமே வந்துவிட்டது. தூத்துக்குடிக்காரிக்குச் சாப்பாட்டு நேரத்துக்கு வருகிறவர்களைப் பிடிக்காமல் இருக்குமா?

"ஏங்க, மாப்பிள்ளை வந்தாச்சு!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள். கணவன் வாஞ்சிநாதன் லேப்டாப்பிலிருந்து தலையை எடுக்காமல், "இலை போட்டுருவோமா?" என்பான். மகள் வெண்பாவுக்குத்தான் கோபம் வரும். "அம்மா, ஐ அம் நாட் மேரியிங் ஹிம்!"

ஒரு ஞாயிறு மாப்பிள்ளை வழி மாறி டெபியின் புல்தரையில் ஏறிவிட்டார். மீனுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த டெபியைக் கண்டு ஓடாமல், அவளை நோக்கியே நடந்து வந்தார். டெபி தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடி போன் செய்தாள். மறுநாள் வனவிலங்கு அதிகாரி ஒருவர் வந்து வீடு வீடாக விசாரித்தார். யாரோ தீனி போடுகிறார்கள், இல்லாவிட்டால் முதலை இப்படி மனிதரைத் தேடி வராது என்றார்.

"நாங்க ஒரு பருக்கைகூடப் போட்டதில்ல சார்," என்று தாமரைச்செல்வி ஆங்கிலத்தில் அடித்துச் சொன்னாள். சத்தியமாக அவள் போட்டதில்லை. வந்தவரை வெறுமனே அனுப்பக் கூடாதென்று கறிவேப்பிலைச் செடியைக் காட்டினாள். அவர் அதன் அடியில் குனிந்து முகர்ந்து, இது என்ன வாடை என்று கேட்டார்.

அவளுக்கு ஒரே சந்தோஷம். மனிதர் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டாரே! கடைக்காரன் வெட்டிக் கொடுத்தால் திருப்தி இல்லை என்று முழு மீனாக வாங்கி வந்து, வீட்டுக்குள் வாடை அடிக்காமல் வெளியில் வைத்து அலசுவதையும், அந்தத் தண்ணீரைச் செதிலும் குடலுமாகச் செடிக்கு ஊற்றுவதையும், அதைவிட நல்ல உரம் உலகத்தில் இல்லை என்பதையும் விளக்கினாள். அவர் தரையை நோக்கி விரலை நீட்டினார். ஊற்றிய தண்ணீர் செடியைத் தாண்டி, வேலிக்கடியில் சரிவோடு ஓடி, ஏரியில் கலந்த தடம் பளிச்சென்று தெரிந்தது. இத்தனை நாளும் தீனி போட்டது தானேதான் என்று தாமரைச்செல்விக்கு அப்போதுதான் உறைத்தது.

அதிகாரி திட்டவில்லை. அடுத்த மாதம் திரும்ப வருவேன் என்றார். அப்போதும் அது மனிதரைத் தேடி வந்தால் கொல்வதைத் தவிர வேறு வழியில்லை, மனிதர்மேல் பயம் இருக்கும்வரைதான் அதற்கு ஆயுசு என்று சொல்லிவிட்டுப் போனார். கிட்டே போகாமல், தூரத்தில் நின்று சத்தம் போட்டு விரட்டச் சொன்னார்.

அன்றிலிருந்து வீட்டில் மீன் நின்றது. கருவாட்டைக்கூட அவள் தொடவில்லை. ஞாயிறு வந்தது. மாப்பிள்ளையும் வழக்கம்போல் வந்து வேலிக்குக் கீழே மிதந்தார். தாமரைச்செல்வி எவர்சில்வர் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு கொல்லை வாசற்படியில் நின்றாள். வீடு தேடி வந்தவரைப் பட்டினியாக அனுப்புவது அவள் வம்சத்திலேயே கிடையாது. கை எழும்பவில்லை.

"தட்டை அடி, தாமரை," என்றான் வாஞ்சிநாதன்.

"பாவம்லா... பசியோட வந்திருக்கு."

"இன்னைக்குப் பாவம் பாத்தா அது உசிரு போயிரும்."

அடித்தாள். தெருவே அதிர அடித்தாள். அது முங்கிவிட்டு, சற்றுத் தள்ளி மறுபடி கண்ணைத் தூக்கி அவளையே பார்த்தது. சாயங்காலம்வரை அது போகவும் இல்லை, அவள் நிறுத்தவும் இல்லை. ராத்திரி அடுப்படியில் நின்று மூக்கைச் சிந்தினாள். "நானே பழக்கிட்டு நானே விரட்டுதேனே, எவ்வளவு கேவலம்!" வெண்பா வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு, "யூ ஆர் சேவிங் ஹிம், அம்மா," என்றாள். அடுத்த வாரம் அவளும் ஒரு வாணலியோடு வந்து நின்றாள். அதற்கடுத்த வாரம் டெபியும் தன் வீட்டு முற்றத்திலிருந்து ஒரு வாளியைத் தட்டினாள். அமெரிக்காவில் இப்படியொரு மேளக் கச்சேரி நடக்கும் என்று யார் கண்டது?

சொன்னபடி அதிகாரி வந்தார். தாமரைச்செல்வி கும்பிட்ட கையை இறக்காமல் ஜன்னலோரம் நின்றாள். கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த முதலையை நோக்கி அவர் நடந்தார். அவர் பாதி தூரம் போவதற்குள் அது சளக்கென்று தண்ணீரில் இறங்கி எதிர்க்கரைக்குப் போய்விட்டது. அவர் திரும்பி, இவர்கள் வீட்டைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

அந்த ஞாயிறு வஞ்சிரம் வாங்கினாள். சமையலறைத் தொட்டியிலேயே கழுவினாள். வீடெல்லாம் கவிச்சி அடித்தது, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கறிவேப்பிலை கொஞ்சம் மஞ்சளடித்திருந்தது, அதற்கு மோரை ஊற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வெளியே வந்தாள். தூரத்தில், ஏரியின் நடுவே இரண்டு கண்கள். அவள் தட்டையும் எடுக்கவில்லை, சத்தமும் போடவில்லை. கொல்லை வாசலில் சும்மா நின்றாள், அவ்வளவுதான். அவளைக் கண்டதும் கண்கள் மறைந்தன.

"மாப்பிள்ளை முறுக்கைப் பாத்தியா?" என்றான் பின்னாலேயே வந்த வாஞ்சிநாதன்.

கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளையை எந்த மாமியாரும் ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வருவாள். தாமரைச்செல்விக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது.

"கோவமாவே இருக்கட்டுங்க," என்றாள். "ஆயுசுக்கும் என் வீட்டு வாசப்படி மிதிக்காம நல்லா இருக்கட்டும்."