வைசன் பேர் எழுதிய டப்பா

"அந்தத் தண்ணி அவன் தண்ணிதானே? ஊரே—"

"மாமா, நான் என்ன சொல்றேன்னா—"

"ஊரே கேட்டுச்சு அண்ணே, மைக் வைக்காத குறைதான்! மூத்திரம் கெட்டுப்போச்சுன்னு, டப்பால வாங்கிட்டுப் போன ஆபீஸ்காரங்களே கூப்பிட்டுவிட்டாங்க. அந்தக் கெட்டதைக் கொண்டாந்து எம்மக ஒடம்புல—"

"இது ஒட்டுற நோவு இல்லேன்னு அவங்ககிட்ட சொல்லுங்க மாமா—"

"எங்கிட்ட எதுவும் சொல்ல வேணாம்னு அவங்கிட்ட சொல்லுங்க அண்ணே!"

கெனானி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி, கடைசியில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "எனக்குக் கழுத்து வலிக்குது. யாராவது ஒரு ஆளு கொஞ்சநேரம் மூச்சு விடுங்க."

தோரிகா சோளக் குதிர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் மருமகன் வைசன் தன் சைக்கிளைப் பார்த்து நின்றிருந்தான். மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கக் கூடாது, நேராகப் பேசக் கூடாது. கல்யாணமானதிலிருந்து ஒரே வளவில்தான் இருப்பு. இருந்தும் அவள் கண்ணெதிரே ஒரு கவளம் சீமாக் களி அவன் தின்றதில்லை. சண்டை என்றாலும் தோரிகாவின் அண்ணன் கெனானி வழியாகத்தான் போய் வர வேண்டும். இந்தக் கல்யாணத்துக்குப் பொறுப்பு நின்றவர் அவர். கட்டி வைத்ததும் அவர்தான், அவிழ்த்துவிட வேண்டும் என்றாலும் அவர்தான். ஆனால் இன்றைக்குப் பேச்சு அவர் வழியாகப் போகக் காத்திருக்கவில்லை. தலைக்கு மேலேயே பறந்துகொண்டிருந்தது.

நடுவில் பாயில் தோரிகாவின் மகள் ஃபலேசி படுத்திருந்தாள். பேசப்படுவது தன்னைப் பற்றி என்று தெரிந்தது. தெரிந்ததே தவிர உறைக்கவில்லை. பக்கத்து வளவில் யாரோ யாரையோ ஏசுவது போல இருந்தது. வாயில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு வைத்தது போல ஒரு ருசி. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினாள். குழி விழுந்தது. அது எப்போது நிரம்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நிரம்புகிற வழியாகக் காணோம்.

"சைக்கிள் டாக்ஸி ஓட்டுறேன்னு போனானே, பின்னால எத்தனை இடுப்பு ஏறுச்சோ, எத்தனை இறங்குச்சோ," என்றாள் தோரிகா, குதிரிடம்.

"என் சைக்கிள்ல ஏறினதுல பாதிப் பேரு இவங்க சர்ச்சுக்குப் போற கெழவிங்கதான் மாமா. சந்தேகம்னா போய்க் கேட்டுக்கச் சொல்லுங்க."

கெனானிக்குச் சிரிப்பு வந்தது. இருமி மறைத்துக்கொண்டார்.

பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். "ஃபலேசி, கேளும்மா. ரெண்டு சிறுநீரகமும் செத்துப்போச்சுன்னு ஜில்லா ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. பிளாண்டயர் பெரியாஸ்பத்திரியில, ரத்தம் சுத்தம் பண்ற மிஷின்ல உனக்கு எடம் கெடைச்சிருக்கு. வியாழக்கிழமை போகலேன்னா அது வேற யாருக்கோ போயிடும். போனா, தொணைக்கு ஒரு ஆளு அங்கேயே தங்கிச் சமைக்கணும், துவைக்கணும். தொணை இல்லாத நோயாளியை உள்ளயே விடமாட்டாங்க. உங்கம்மாவுக்கு முட்டி மடங்காது, ஜெலியாவையும் மத்த பிள்ளைங்களையும் வயலையும் பாக்கணும். போறதுன்னா உம்புருசன்தான் போகணும். ஆனா உங்கம்மா, நோவு குடுத்தவன் கையால எம்மக கஞ்சி குடிக்க வேணாங்கறா. இன்னிக்கே அவனை அனுப்பிடச் சொல்றா."

"நான் சொல்லல," என்றாள் தோரிகா. "நர்ஸம்மா சொல்லுவாங்க. மறுபடி கணக்கெடுக்க இன்னிக்கு வர்றாங்க. அதான் உங்களையும் இன்னிக்கே வரச் சொன்னேன். அவங்க வாயாலயே கேட்டுக்கோங்க."

வைசனுடைய பாயும் துணிமூட்டையும் காலையிலேயே சைக்கிள் கேரியரில் ஏறிவிட்டிருந்தன. கட்டியது அவன்தான். யாரும் கட்டச் சொல்லும் வரைக்கும் அவன் காத்திருக்கவில்லை.

ஃபலேசி அவனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். சொல்லாதே என்றது அந்தப் பார்வை. மூன்று மழைக்காலமாக இருவரும் சேர்ந்து சொல்லாமல் வைத்திருந்த ஒன்று.

மோட்டார் சைக்கிளில் தவோங்கா வந்து இறங்கினாள். வடக்குப் பக்கத்துக்காரி. ஊர் ஊராகப் போய், யாருக்குச் சிறுநீரகம் கெட்டிருக்கிறது, எத்தனை பேருக்கு, ஏன் என்று கணக்கெடுக்கிறவள். வீட்டுக்கு ஒரு ஆள், குலுக்கலில் யார் பேர் வருகிறதோ அவர். போன தடவை இந்த வளவில் வைசன் பேர் வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றும்போதே பாயில் கிடக்கிறவளின் முகத்து வீக்கத்தைப் பார்த்துவிட்டாள்.

"வாங்க நர்ஸம்மா, தெளிவாச் சொல்லுங்க," என்றாள் தோரிகா. "போன தடவை இந்த வீட்டு ஆம்பளை தண்ணி கெட்டுத்தானே இருந்துச்சு?"

"மொதத் தடவை குடுத்ததுல நெறைய புரதம் இருந்துச்சும்மா. வடியக் கூடாதது வடிஞ்சுது. அதனாலதான் வரச் சொன்னோம். வந்து புதுசாக் குடுத்தாரு, ரத்தமும் எடுத்தோம். எல்லாம் சுத்தம்."

"நடுவுல போய் மருந்துக்காரன்கிட்ட வேர் வாங்கிக் குடிச்சிருப்பான்."

"வேர் குடிச்சா இவ்வளவு சீக்கிரம் சரியாகாதும்மா. இருக்கறதும் கெட்டுப்போகும். டப்பா எங்கேயோ மாறிப்போச்சுன்னு நெனச்சோம். இந்த வீட்ல நோய் இல்லேன்னு எழுதி முடிச்சிட்டோம்." அவள் பாயைப் பார்த்தாள். "இது புருசன்கிட்டேருந்து பொண்டாட்டிக்கு ஒட்டுறதும் இல்ல."

"அப்ப வானத்துலேருந்து விழுந்துச்சா?" என்றாள் தோரிகா. "கேட்டீங்களா அண்ணே, கெட்ட தண்ணின்னு ஒத்துக்கிட்டாங்க. எழுந்து சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க."

கெனானி எழுந்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டார். தொப்பி போட்டுக்கொண்டு சொல்கிற வார்த்தையைப் பிறகு திரும்ப வாங்க முடியாது.

"அது என் தண்ணி," என்றாள் ஃபலேசி.

உப்புத் தீர்ந்துபோச்சு என்று சொல்கிற குரல்தான் அது. வேறு குரல் அவளிடம் இல்லை.

"என்னது?"

"அவர் பேர் போட்ட டப்பா. நான் ரொப்பிக் குடுத்தேன்."

அவளே சொல்லிக்கொண்டு போனாள், சமையல் சொல்வது போல. அன்றைக்கு நர்ஸம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அம்மா. வாங்கி மூடியை இறுக்கித் தட்டில் வைத்ததெல்லாம் அம்மாவின் கைதான். மருமகன் தன் மூத்திரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு மாமியார் எதிரே நடந்துவந்து நீட்ட வேண்டும்; வேறு யார் கொண்டுபோனாலும் அது போய்ச் சேருவது மாமியார் கைக்குத்தான். அதற்கு அவன் சில்வா ஏரியில் போய் விழுந்திருப்பான். குளிக்கிற மறைப்புக்குப் பின்னால் காலி டப்பாவோடு நின்று அவளைக் கூப்பிட்டான். 'நீயே பண்ணிக் குடுத்துடு, யாருக்குத் தெரியப்போவுது.' அப்போது கடைசிப் பிள்ளை வயிற்றில். நிறைமாதத்தோடு குனிய முடியாமல் குனிந்து, சிரித்துச் சிரித்து, டப்பாவில் பாதி, கையில் பாதி.

"கூப்பிட்டுவிட்டப்பவே உனக்குத் தெரியுமா?" தவோங்கா மெல்லக் கேட்டாள்.

"தெரியும். பயமா இருந்துச்சு. அப்புறம் ரெண்டாவது நல்லா இருக்கு, மொதல்ல எடுத்தது தப்புன்னு நீங்களே சொல்லிட்டீங்க. பெரியவங்க சொல்றாங்க, தப்பாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்."

"பொய்யி!" தோரிகா குதிரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "அவனைக் காப்பாத்தப் பேசுறா. இப்ப ஒரு டப்பா குடுங்க நர்ஸம்மா. எடுத்துப் பாருங்க, யாரு தண்ணி யாருதுன்னு தெரிஞ்சிரும்."

"இப்பல்லாம் எனக்குத் தண்ணி வர்றதில்லம்மா," என்றாள் ஃபலேசி.

தவோங்கா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு கெனானியைப் பார்த்தாள். "ஐயா, நீங்களும் வீட்டோட மாப்பிள்ளைதானே? உங்க சம்சாரத்தோட ஊர்லயும் நாங்க எடுத்தோம். உங்க பேரும் வந்துச்சு."

"என்னோடது நானேதான் குடுத்தேன்," என்றார் அவர் விறைப்பாக. "அன்னிக்கு எம்மாமியா வயலுக்குப் போயிருந்தாங்க."

"வீட்ல இருந்திருந்தா?"

அவர் தொப்பியின் விளிம்பைத் தடவினார்.

"இந்தப் பக்கம் பூரா வீட்டோட மாப்பிள்ளைங்கதான்," என்றாள் தவோங்கா, தனக்குத்தானே. "எங்க ஊர்ல பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிடுவா. புருசன் பேர் டப்பாவுல பொண்டாட்டி தண்ணி வரும்னு தோணவே இல்ல. ஏரிக்கரையில ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம்னு எழுதி அனுப்பினோம். மாத்திரையெல்லாம் ஆம்பளைங்களுக்குத்தான் குடுத்தோம்." அவள் மோட்டார் சைக்கிளின் நிழலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தோரிகா அழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அவன் இருந்தாலும் சரி, போனாலும் சரி. நான் ஒண்ணும் சொல்லலேன்னு சொல்லிடுங்க அண்ணே," என்றுவிட்டு உள்ளே போனாள். உள்ளே பாத்திரம் எதையோ எடுத்து, எடுத்த இடத்திலேயே வைக்கிற சத்தம் கேட்டது.

"கேட்டுக்கிட்டியாப்பா வைசன்," என்றார் கெனானி. "உம்மேல குத்தம் இல்ல."

வைசன் பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். காற்று இருந்தது. மறுபடியும் அழுத்திப் பார்த்தான். மூன்று வருஷமாகக் கிணற்றடியில் அவனைக் கெட்ட தண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் டாக்ஸியில் ஏற யோசித்தவர்களும் உண்டு. இப்போது அவன் முகத்தில் கோபம் இல்லை, சந்தோஷமும் இல்லை. பாரம் இறக்கிவைத்த ஆளின் அசதிதான் இருந்தது.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். இப்ப நான் கெளம்பினா, நானாக் கெளம்பினதுதானே? தொரத்திவிட்டதா ஆகாதே?"

"ஆகாது."

"எங்க ஊர்ல போய்த் தலைநிமிர்ந்து நிக்கலாம்."

"நிக்கலாம்," என்றார் கெனானி.

கேரியரில் கட்டியிருந்த ரப்பர் பட்டையில் அவன் கை இருந்தது. இறுக்குகிறானா, அவிழ்க்கிறானா என்று ஃபலேசிக்குத் தெரியவில்லை. அவனைத் துரத்தக் கூடாது என்றுதான் வாயைத் திறந்தாள். திறந்ததில் அந்தப் பழியும், அவனைப் பிடித்துவைத்திருந்த ஒரே கட்டும் அவிழ்ந்துபோனது என்று இப்போதுதான் புரிந்தது. புரிந்தும் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. முழங்கையை ஊன்றி, கொஞ்சம் எழும்பி உட்கார்ந்தாள்.

"ஜெலியா அப்பா," என்றாள். "வியாழக்கிழமை விடியக்காலையில மினிபஸ். எங்கூட ஏறுவீங்களா, மாட்டீங்களா?"