பெனிட்டாவின் டப்பா

1

என் சமையலறை அலமாரியில் ஒரு எவர்சில்வர் டப்பா ஏறக்குறைய ஒரு வருடமாக இருக்கிறது. மூடியில் 'பெனிட்டா' என்று பெயர் வெட்டியிருக்கும். அதைத் திருப்பிக் கொடுக்க முடியாததால்தான் இந்தக் கதை. சொல்ல வெட்கப்பட்டு, முதலில் இப்படித் தொடங்கினேன்:

[கம்பம் ஊரில் ராஜமணி என்றொரு ஆசிரியை இருந்தாள். அவள்

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. ராஜமணி என்று யாரும் இல்லை. நான்தான்.

2

பெனிட்டா எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். பன்னிரண்டு வருடமாக, நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள். கூடலூர் பஸ்ஸில் வரும்போதே படித்து, ஓரத்தில் பென்சிலால் 'பொய்' என்று எழுதித் தருவாள். அவள் எழுதிய இடமெல்லாம் பொய்யாகத்தான் இருந்திருக்கிறது.

அவளை இந்தக் கதைக்குள் அழைத்துவர நான்கு முறை முயன்றேன். நான்காவது முயற்சி:

[பெனிட்டாவின் வீடு எவ்வளவு சுத்தமாக இருந்தது!]

அடித்துவிட்டேன். இன்னொரு டீச்சர் ஜெபஷீலா. தேனி கடைவீதியில் ஜவுளிக்கடைக் குடும்பம். அவள் வீட்டை எழுதியபோது ஜன்னலை எழுதினேன், நாயை எழுதினேன். சுத்தம் நினைவுக்கே வரவில்லை. பெனிட்டா வீட்டில் மட்டும் நான் ஏன் ஆச்சரியப்பட்டேன்?*

* அவள் தெருவின் பெயரை எழுதவில்லை. ஒருவரை எங்கே வைப்பது என்று முடிவுசெய்ய எங்கள் பக்கம் அது ஒன்றே போதும். எனக்கும் போதுமானதாக இருந்திருக்கிறது.

3

கிறிஸ்துமஸுக்கு இரண்டு பேருமே வீட்டில் சுட்ட அச்சுமுறுக்கு தருவார்கள். ஜெபஷீலாவுடையதை வீடு போய்ச் சேர்வதற்குள் தின்று தீர்ப்பேன். பெனிட்டாவுடையதைக் கவரில் கொட்டி, வீட்டு வேலைக்கு வரும் சங்கிலியம்மாளிடம் கொடுத்துவிடுவேன். ஏனென்று யோசித்ததே இல்லை. கை தானாகச் செய்தது. வெறும் டப்பாவைத் திருப்பித் தரக் கூடாது என்பதால், கழுவிப் பன்னீர் திராட்சை நிரப்பிக் கொடுப்பேன். "நல்லாயிருந்துச்சு பெனிட்டா" என்றும் சொல்வேன்.

போன ஜனவரியில், படித்த கதையைத் திருப்பித் தர அவள் என் வீட்டுக்கு வந்தாள். டீயும் கடை வடையும் கொண்டுவந்த சங்கிலியம்மாள், பெயரைக் கேட்டதும் நின்றுவிட்டாள்.

"ஏ ஆத்தா! அச்சுமுறுக்கு டீச்சர் நீங்கதானா? இவுக ஒண்ணு வாயில போட மாட்டாக. வருசா வருசம் அப்படியே எனக்குத் தூக்கிக் குடுத்துருவாக. எம் பேத்திக டிசம்பர் பொறந்தாலே வாசலப் பாத்துக்கிட்டு நிக்கும்க. இந்த வருசந்தான் சீனி கொஞ்சம் தூக்கல்."

"அடுத்த தடவ கொறச்சுப் போடுறேன்க்கா," என்றாள் பெனிட்டா.

"எனக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாதுல்ல, அதான்..." என்றேன். கையில் பாதி கடித்த வடை இருந்தது.

[பெனிட்டா வடையைப் பார்த்தாள்.]

பார்க்கவில்லை. டீயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது டப்பாவை நீட்டினேன். அன்றைக்குத் திராட்சை வாங்கியிருக்கவில்லை.

"வெறும் டப்பா எதுக்குக்கா? இருக்கட்டும்."

4

அதற்குப் பிறகு மூன்று கதைகள் கொடுத்தேன். மூன்றும் ஒரு பென்சில் கோடு இல்லாமல் திரும்பி வந்தன. "நல்லாயிருக்குக்கா" என்றாள், ஒவ்வொரு முறையும்.

நேற்று ஸ்டாஃப் ரூமில் எனக்கு ஒரு கிறிஸ்துமஸ் கேக் பெட்டி தந்தாள். பேக்கரியில் ஒட்டிய டேப்கூடப் பிரியாமல் இருந்தது.

"எண்ணெய் ஆகாதுன்னு சொன்னீகள்ல, அதான் கடையில வாங்கிட்டேன்."

குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

5

முடிவு ஒன்று: நான் மன்னிப்புக் கேட்டு அழுகிறேன். பெனிட்டா என்னைத் தேற்றுகிறாள். கதையிலும் வேலை அவளுக்குத்தான்.

முடிவு இரண்டு: அவள் என்னைத் திட்டித் தீர்க்கிறாள். இது என் ஆசை, முடிவல்ல.

மூன்றாவதை எழுதவில்லை. இந்தத் தாள்களை மடித்து அந்த டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். நாளை கொடுப்பேன் என்று எழுதுவது சுலபம். நீங்கள் இதைப் படிக்கும்போது அவள் படித்திருப்பாளா, எனக்குத் தெரியாது. படித்தால் ஓரிடத்திலாவது 'பொய்' என்று எழுத வேண்டும். மூன்றாம் பகுதியில், 'கை தானாகச் செய்தது' என்பதற்குப் பக்கத்தில் ஓரத்தை அகலமாக விட்டிருக்கிறேன். உங்களுக்கு வேறு வரி பொய்யென்று பட்டால் அதன் பக்கத்தில் எழுதுங்கள்.

அவள் மட்டும் இதையும் படித்துவிட்டு, நல்லாயிருக்குக்கா என்று